பெண்கள் பக்கம், தரை டிக்கெட்

காலடிப்பேட்டையில் ஒரு சினிமா கொட்டகையில், பெண்கள் பக்கத்து வாசலில் ஒன்பது வருஷம் டிக்கெட் கிழித்தேன். அறுபதுகளின் கடைசியில் சேர்ந்தேன். என் வீட்டுக்காரர் ஹார்பரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். முதுகு போன பிறகு அவர் வீட்டில் படுத்தார், நான் வேலைக்குப் போனேன். அதில் பெரிய கதை ஒன்றும் இல்லை. எங்கள் தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான்.

அந்தக் கொட்டகை இன்று இல்லை. இருந்தபோதும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. தகரக் கூரை. நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். முன்னால் தரை, அதற்குப் பின்னால் பெஞ்சு, கடைசியில் மூட்டைப்பூச்சியோடு நாற்காலி. படம் காட்டுகிற மிஷின் ஒன்றுதான். பெரிய தியேட்டர்களில் இரண்டு இருக்கும். ஒரு ரீல் முடியும்போதே அடுத்தது ஓட ஆரம்பித்துவிடும். எங்களுக்கு ஒத்தை மிஷின் என்பதால் ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிடுவார்கள். ஆபரேட்டர் அடுத்த ரீலை மாட்டும் வரைக்கும் சனங்கள் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கதாநாயகி விஷப் புட்டியைத் திறக்கிற நேரத்தில் பளிச்சென்று வெளிச்சம் வரும். மூக்கைச் சிந்திக்கொண்டே முறுக்கு வாங்குவார்கள்.

டிக்கெட் கிழிப்பது, டார்ச் அடித்து இடம் காட்டுவது, குழந்தை ஓயாமல் அழுதால் தாயை வெளியே அனுப்புவது, ஆட்டம் முடிந்ததும் என் பக்கத்தைப் பெருக்குவது. இதுதான் என் வேலை. ஒரே படத்தை முப்பது நாற்பது தடவை பார்ப்பேன். பத்துத் தடவைக்கு மேல் போனால் எந்தப் படமும் வெறும் சுவர்தான். மனசு மரத்துப்போகும். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த வேலைக்கு அது வசதியாக இருந்தது.

அவள் முதலில் ஆண்கள் பக்கம் டிக்கெட் வாங்கித்தான் வந்தாள். அவள் என்று எழுதுகிறேன், அன்று ஊரில் அப்படி எழுத யாரும் இல்லை. இன்று திருநங்கை என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. அப்போது இருந்ததெல்லாம் வாயில் வைத்துத் துப்புகிற சொற்கள். அலி என்பதுதான் அவற்றில் கொஞ்சம் மரியாதையானது. ஆணாய்ப் பிறந்தது என்று ஊர் சொல்ல, இல்லை நான் பொம்பளை என்று புடவை கட்டிப் பிழைத்தவள். எங்கள் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் உப்பு. தூரத்திலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்து டீக்கடைகளுக்கு ஊற்றுவது அவள் பிழைப்பு. இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம். அந்தத் தலையில் இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி. அதில் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்.

ஆண்கள் பக்கம் அவளைப் படம் பார்க்க விடவில்லை. இருட்டில் கை வைப்பார்கள். ஒரு மேட்னியில் பாதிப் படத்தில் எழுந்து வந்து என் வாசலுக்குப் பக்கத்தில் நின்றாள். வழியை அடைத்துக்கொண்டு நின்றதில் எனக்கு எரிச்சல்.

"இன்னாத்துக்கு இங்க நின்னுகினு கீற? உள்ள போய் குந்து," என்றேன்.

"எந்தப் பக்கம்க்கா?" என்றாள்.

நான் யோசிக்கவே இல்லை. இந்தப் பக்கம் கையைக் காட்டினேன். அதை இரக்கம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வழி விட்டால் போதும் என்றிருந்தது.

அதற்குப் பிறகு பெண்கள் பக்கத்தில்தான் டிக்கெட் வாங்கினாள். தரையின் கடைசி வரிசையில், சுவர் மூலையில், என் முக்காலிக்குப் பக்கத்தில் உட்காருவாள். முதல் நாலைந்து வாரம் பெண்கள் முணுமுணுத்தார்கள். பிறகு ஒருத்தி கைக்குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் படம் பார்த்தாள். அது பரவிவிட்டது. குப்பத்திலிருந்து வரும் பெண்கள், தொழிற்சாலைக்காரர்களின் பெண்டாட்டிகள், ஞாயிறு பூசை முடித்துவிட்டு வரும் வேதக்காரப் பெண்கள் எல்லாருக்கும் அவள் மடி தொட்டில். ஒரே நேரத்தில் இரண்டு குழந்தைகள் தூங்கும். சோகக் காட்சி வந்தால் அவளும் ஓவென்று அழுவாள், மடியில் குழந்தை இருப்பது மறந்துபோகும். "யம்மா, மெதுவா அய்வு, பசங்க முயிச்சிக்கப் போவுது," என்று முன்னால் இருந்து குரல் வரும். அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுவாள்.

சினிமாதான் அவளுக்கு எல்லாம். வாரத்தில் ஆறு நாள் தண்ணீர் தூக்கினாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம், பெண்களுக்கு நடுவில், பெண்ணாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அப்படி ஓர் இடம் ஊரில் வேறு எங்கும் இல்லை. இது எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல முடியாது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவளைப் போன்றவர்கள் படங்களிலும் வருவார்கள். அடிக்கடி வருவார்கள். ஒரு நடிகர் இடுப்பை ஒடித்துக்கொண்டு, கையைக் கொட்டிக்கொண்டு, புடவையில் வருவார். வரும்போதே பீப்பீ என்று ஒரு வாத்தியம். எதற்கு வந்தார், எங்கே போகிறார், ஒன்றும் கிடையாது. அடி வாங்குவார், போய்விடுவார். அந்தக் காட்சிகளுக்கு அவளும் சிரிப்பாள். ஏன் சிரிக்கிறாய் என்று நான் கேட்டதில்லை. எல்லாரும் சிரிக்கும்போது ஒருத்தி மட்டும் சும்மா இருந்தால் திரும்பிப் பார்ப்பார்கள் அல்லவா.

எழுபதுகளின் நடுவில் அந்தப் படம் வந்தது. பெயர் வேண்டாம். கல்யாண வீட்டில் பெண்கள் இருக்கும் அறைக்குள் புடவை கட்டின ஒருவன் வந்து உட்காருகிறான். பூத் தொடுக்கிறான், மணப்பெண்ணுக்கு மருதாணி வைக்கிறான். பெண்கள் சந்தேகப்பட்டுக் கத்துகிறார்கள். மாப்பிள்ளையின் தோழன் ஓடிவந்து கொண்டையைப் பிடித்து இழுக்கிறான். டோப்பா கையோடு வந்துவிடுகிறது. அப்புறம் விளக்குமாறு, செருப்பு, உலக்கை. ஒவ்வோர் அடிக்கும் டோலக்கில் ஒரு தட்டு. கொட்டகை குலுங்கியது. ஒன்ஸ்மோர் கேட்டார்கள். ஒன்ஸ்மோர் கேட்டால் ஆபரேட்டர் ரீலைப் பின்னால் சுற்றி மறுபடி போடுவார். பாட்டுக்கும் சண்டைக்கும்தான் வழக்கமாகக் கேட்பார்கள், இதற்குக் கேட்டார்கள். தேடிக்கொண்டிருக்க முடியாது என்று அந்த இடத்தில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகியே வைத்துக்கொண்டார்.

அந்தக் காட்சியோடு ரீல் முடியும். சிரித்த வாயை மூடுவதற்குள் விளக்கு எரியும்.

முதல் ஞாயிறு இரண்டு மூன்று பேர் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் அடுத்த ரீல் தொடங்குவதற்குள் எழுந்து போய்விட்டாள். இரண்டாவது ஞாயிறு, விளக்கு வந்ததும் ஒருத்தி எழுந்து வந்து அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்த தன் குழந்தையை எடுத்துக்கொண்டு போனாள். மாதக்கணக்காக அந்த மடியில் தூங்கின குழந்தை அது. "புள்ளைக்கு வேர்க்குது," என்று சொன்னாள். பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்தார்கள். அவளைச் சுற்றித் தரை வெறுமையாகத் தெரிந்தது.

அன்றும் பாதிப் படத்தில் எழுந்து வெளியே போனாள். அப்போது அவளிடம் சொல்லியிருக்கலாம், இந்தப் படம் தூக்கும் வரைக்கும் வராதே என்று. நாக்கு நுனி வரை வந்தது. அவள் கோபித்துக்கொள்வாளோ என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது ஞாயிறு விளக்கு எரிந்ததும் ஆண்கள் பக்கத்திலிருந்து நாலு பேர் சுவரைத் தாண்டிக் குதித்தார்கள். குடித்திருக்கவில்லை. ரவுடிகளும் இல்லை. ஒருவன் என் தெருக்காரன், என்னை அத்தை என்று கூப்பிடுகிறவன். அவர்கள் சிரித்துக்கொண்டேதான் வந்தார்கள்.

"டேய், கொண்டைய இஸ்துப் பாருடா, கயண்டுகினு வரும்," என்றான் ஒருவன்.

இழுத்தார்கள். வரவில்லை. படத்தில் சுலபமாக வந்ததே, இது ஏன் வரவில்லை என்று அவர்களுக்கு ஆச்சரியம். நன்றாக ஒட்டி வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு இன்னொருவனும் சேர்ந்து இழுத்தான். அவள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "நெசமுடிண்ணா, என்துண்ணா, நெசமுடிண்ணா," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். டோப்பா இல்லை என்று தெரிந்த பிறகு விட்டிருக்கலாம். அவர்களுக்குக் கோபம் வந்தது. ஏமாற்றிவிட்டாள் என்கிற மாதிரி கோபம். அப்புறம் செருப்பைக் கழற்றினார்கள்.

டோலக்கு அடிக்கவில்லை. அடிக்கு அவ்வளவு சின்னச் சத்தம்தான் என்று அன்றுதான் கவனித்தேன். பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். சிலர் சிரித்தார்கள். சிலர் "பாவம், உடுங்கடா" என்றார்கள், எழுந்திருக்காமல்.

நான் என்ன செய்தேன் என்றால், வாசல் கதவைத் திறந்தேன். திறந்து, அவளைப் பார்த்து, "வெளிய போம்மா. எதுக்கு பேஜாரு, வெளிய போ," என்றேன். அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளிடம்தான் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பார்வையில் கோபம் எதுவும் இல்லை. சொன்னது காதில் விழுந்ததா என்று கூடத் தெரியவில்லை. அவர்கள் திறந்த கதவு வழியாக அவளை இழுத்துக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனார்கள். மேனேஜர் எட்டிப் பார்த்தார். "ரீலைப் போடுய்யா" என்று மேலே பார்த்துக் கத்தினார். விளக்கு அணைந்தது. நான் கதவைச் சாத்திவிட்டு முக்காலியில் உட்கார்ந்தேன்.

அடுத்த ரீலில் கதாநாயகி அழுவாள். அன்றும் அழுதாள். பெண்கள் பக்கம் முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பயமா, வெட்கமா, எதுவும் இல்லை. வெளியே என்ன நடக்கிறது என்று கூட நினைக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் பெருக்கினேன். கடலைத்தோல், வெற்றிலைக் காம்பு, முறுக்குத் துணுக்கு, மூலையில் வேரோடு ஒரு கொத்து முடி. முறத்தில் தள்ளி வெளியே கொட்டினேன்.

மறுநாள் டீக்கடைக்கு வேறு ஆள் தண்ணீர் ஊற்றினான். எங்கே போனாள் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. என் தெருக்காரன் வழக்கம்போல "சாப்ட்டியா அத்தை" என்றான். சாப்பிட்டேன் என்றேன். வீட்டில் அவரிடம்கூடச் சொல்லவில்லை. படம் இன்னும் ஒரு வாரம் ஓடியது. ஒன்ஸ்மோரும் நிற்கவில்லை.

நாலைந்து மாதம் கழித்து ராயபுரத்தில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது கல்மண்டபத்தில் மீன் வாங்க நின்றேன். வாங்கின மீனைக் கழுவி வெட்டிக் கொடுக்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி தலையில் துண்டைச் சுற்றியிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். மேல் பல் ஒன்று இல்லை.

"இன்னாக்கா, நல்லா கீறியா? குடு, நான் வெட்றேன்."

கொடுத்தேன். செதில் தேய்க்கும்போது துண்டு நழுவியது. ஒரு பக்கம் முடி குட்டையாக வளர்ந்திருந்தது. மறு பக்கம் வளரவில்லை. அவள் அவசரம் இல்லாமல் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அன்றைக்கு ஏன் கதவைத் திறந்தாய் என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டால் என்ன சொல்வது என்று தேடினேன்.

"அந்தப் படம் முடிவு இன்னாக்கா?" என்று கேட்டாள். "நான்தான் மூணு வாட்டியும் பாதியில வந்துட்டனே."

"கல்யாணம்தான். வேற இன்னா."

"அந்தாளு? அடி வாங்கினாரே, அவரு கல்யாணத்துக்கு வர்றாரா?"

நாற்பது தடவை பார்த்த படம். அடிபட்டு ஓடினதோடு சரி, அப்புறம் அந்த ஆள் ஒரு மூலையில்கூடத் தலைகாட்டுவதில்லை. அதுவரைக்கும் நான் அதைக் கவனித்ததும் இல்லை.

"வர்றாரு," என்றேன். "கடைசில கூப்புட்டு சாப்பாடு போடறாங்க."

கத்தி நின்றது. "எந்தப் பக்கம் குந்த வெச்சாங்க?"

"பொம்பளைங்க பக்கம்."

"யாரும் எய்ந்து போவலியா?"

"போவல."

அவள் மீதி மீனை வெட்டினாள். பிறகு துண்டுகளை அலசிப் பையில் போட்டுக் கொடுத்தாள். "அப்ப பாக்கணும்க்கா," என்றாள். "வெள்ளிக்கெயமை இங்க பக்கத்து கொட்டாயில அந்தப் படம்தான் போடறான். நான் வேணாம்னு இருந்தேன். மேட்னி போறேன்."

இல்லை, அப்படி ஒன்றும் வராது, நான் பொய் சொன்னேன், போகாதே என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான், நாலு வார்த்தை. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. பையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை மேட்னிக்கு நான் என் வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். அவள் போகிற கொட்டகைக்கு பஸ்ஸில் போனால் அரை மணி நேரம் ஆகும். அங்கே ஆட்டம் தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வயிற்றுவலி என்று மேனேஜரிடம் சொன்னால் விட்டிருப்பார். நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மீன் வாங்கக் கல்மண்டபத்துக்குப் போவதையும் விட்டுவிட்டேன்.