தலை நிமிராமல் சாப்பிட்ட இன்ஸ்பெக்டர்

தேவப்பிரியம் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் மனிதர்களைப் பார்க்க மாட்டார். சுவரைப் பார்ப்பார், உத்தரத்தைப் பார்ப்பார், மீட்டர் பலகையைப் பார்ப்பார். ராயபுரம் பக்கத்து வீடுகளுக்கு அவர் வயரிங் இன்ஸ்பெக்டர். அவர் பென்சிலில் குறித்து வரும் பழுதுகளை மையில் எழுதி, வீட்டுக்காரர்களுக்கு நோட்டீசாக அனுப்புவது என் வேலை. 1952இல் பி.ஏ. முடித்த கையோடு அந்த ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் கடலுக்குப் போகாத முதல் ஆள் நான்தான். இதற்காகவா படித்தோம் என்று தோன்றும். ஆனால் அவருடைய குறிப்புகளைப் படிக்க ஆரம்பித்தால் நிறுத்த முடியாது.

உப்புக்காற்றில் சுவிட்சின் திருகாணிகள் பொடிந்து உதிர்கின்றன என்று ஒரு வீட்டைப் பற்றி எழுதியிருப்பார். இன்னொரு வீட்டில் காலண்டர் மாட்ட அடித்த ஆணி ஒயருக்குள் இறங்கியிருக்கும். திருவொற்றியூரில் ஓர் அம்மாள் எர்த் குழியைக் கல் போட்டு மூடி வைத்திருந்தார். அந்தக் குழி ஈரமாக இருந்தால்தான் கசியும் கரண்ட் மண்ணுக்குள் போகும். அவரோ கரண்டும் தண்ணீரும் சேரக் கூடாது என்று ஒரு சொட்டு படாமல் காத்து வந்திருக்கிறார். தேவப்பிரியம் கல்லை நகர்த்திக் குழிக்குள் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியதும், அந்த அம்மாள் தெருவுக்கே ஓடிவிட்டாராம்.

அவருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. மனைவி இறந்து ஒன்பது வருஷம், பிள்ளைகள் இல்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒற்றை அறையில் இருந்தார். போகிற இடமெல்லாம் பியூஸைப் பிடுங்கி லைனைத் துண்டிக்கும் ஆளாகத்தான் அவரைத் தெரியும். ஒருமுறை காசிமேட்டில் அவருடன் போனேன். மங்கை என்ற மீன்காரி எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தாள்.

"நீலா, ஒயர்ல போட்ட துணிய எட்த்துடு. பீசு புடுங்கி வந்துகினு கீறாரு."

அவர் காதில் விழுந்தது. "ஈரத்துணியா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்" என்றார் என்னிடம்.

ஒரு வீட்டில் மட்டும் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டார்கள். ஆறுமுகநயினார் கருப்பட்டி மொத்த வியாபாரி, தெற்கே தேவப்பிரியத்தின் சொந்த ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். முன்னால் கடை, அடுத்து வீடு, பின்னால் சரக்கு அடுக்கும் கிட்டங்கி. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் தேவப்பிரியம் அங்கே போவார். ஆறுமுகநயினாரின் மனைவி ஆவுடையம்மாள் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் பரிமாறுவார். இரண்டு வருஷமாக அது தவறியதில்லை.

ஒரு ஞாயிறு என்னையும் அழைத்துப் போனார். ஜன்னல் இல்லாத நடு அறை. பகலிலும் விளக்கு எரிந்தது. சுவரையே பார்க்கும் மனிதர் அங்கே இலையை விட்டுக் கண்ணை எடுக்காததைக் கவனித்தேன். ஊர்ப் பேச்சு பேசினார். சிரிக்கவும் செய்தார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பாதிச் சாப்பாட்டில் பல்பு போய்விட்டது. கடைப் பக்கமிருந்து வந்த வெளிச்சத்தில் ஆறுமுகநயினார் சுவிட்சை அணைத்துவிட்டு, மர ஸ்டூலில் ஏறிப் பழைய பல்பைக் கழற்றினார். புதியதை மாட்ட ஹோல்டரைத் தடவியவர் கையை உதறிக்கொண்டு குதித்தார்.

"அமத்திட்டுத்தான அண்ணாச்சி தொட்டேன். நல்லா இழுத்துட்டே" என்று சிரித்தார்.

தேவப்பிரியம் சிரிக்கவில்லை. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். சுவிட்சைக் கரண்ட் வரும் கம்பியில் போட வேண்டும். திரும்பிப் போகும் கம்பியில் போட்டாலும் விளக்கு அணையும். ஆனால் ஹோல்டரில் கரண்ட் அப்படியே நிற்கும். அவர் எழுந்து கை கழுவினார். பியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்தார். கோளாறு வந்தால் உருகி அறுந்துபோகும் மெல்லிய பியூஸ் கம்பிக்குப் பதில் தடித்த செம்புக் கம்பி. கிட்டங்கிக்குப் போகும் முறுக்கு ஒயரை நடுவில் ஆணியடித்து நிறுத்தியிருந்தார்கள். அதை ஒட்டி ஓலைப் பாய்களும் சாக்குகளும் கூரை வரை அடுக்கியிருந்தன.

"லைன் போட்டது யாரு?"

"நம்ம மச்சினன் சுயம்புதான். ஒரே நாள்ல முடிச்சிட்டாம்லா."

"பூராவும் பிரிச்சுப் போடணும். ஆள் வேண்டாம், நானே செஞ்சு தாரேன்."

ஆவுடையம்மாளின் கை என் இலைக்கு மேலே நின்றது. அது அவருடைய தம்பி போட்ட லைன். கரண்டியோடு உள்ளே போனார். ஆறுமுகநயினார் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சோத்துக்கு வந்த எடத்துலயும் நோட்டு எடுக்கீங்களே அண்ணாச்சி. ரசத்துல உப்புக் கொறஞ்சா அதுக்கும் நோட்டீசு விடுவீங்க போல. மெதுவாப் பாத்துக்கிடலாம்."

அடுத்த மூன்று ஞாயிறும் தேவப்பிரியம் சொன்னார். மூன்று முறையும் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. நான்காவது திங்களன்று பென்சில் குறிப்பு என் மேசைக்கு வந்தது. பெயரைப் பார்த்ததும் பேனாவை வைத்துவிட்டு அவரிடம் போனேன்.

"வுட்டுடுங்க சார். நீங்க சொல்லாம யாருக்குத் தெரியப் போவுது?"

"ரெண்டு வருஷமா நான் மேல பாக்கவே இல்ல தம்பி. பாத்தா எழுதணும்னு தெரியும். இப்பப் பாத்துட்டேன்."

எழுதினேன். என் கையெழுத்து அழகு என்று ஆபீசில் பெயர். அன்று அதைக் கோணலாக்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன், ஏதோ அதனால் நோட்டீஸ் செல்லாமல் போய்விடும் என்பதுபோல. இதே இடத்தில் நான் இருந்தால் எழுதியிருப்பேனா? இல்லை என்றுதான் தோன்றியது. அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

நோட்டீசுக்கும் அசையாததால் லைன் துண்டிக்கப்பட்டது. சுயம்பு கோபித்துக்கொண்டு கடையை விட்டே போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். பத்து நாளில் வெளி ஆளை வைத்து எல்லாவற்றையும் புதிதாகப் போட்டார்கள். திரும்ப இணைப்புக் கொடுக்க இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். படிவங்களை எடுத்துக்கொண்டு நானும் போனேன்.

ஆறுமுகநயினார் வாசலுக்கு வந்தார். "வாங்க சார். இப்படி உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. ஆவுடையம்மாள் வெளியே வரவில்லை. கடை ஆள் இரண்டு டம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்தான்.

தேவப்பிரியம் ஒவ்வொரு சுவிட்சாகச் சோதித்தார். எல்லாம் சரியாக இருந்தது. அந்த வீடு இனி எரியாது. முன்பு இருந்தபடியே விட்டிருந்தாலும் எரியாமல் போயிருக்கலாம், யாருக்குத் தெரியும்? கையெழுத்துப் போட்டார். காப்பியை நின்றபடி குடித்தார்.

"வேற ஏதாவது செய்யணுமா சார்?"

"ஒண்ணுமில்ல. நல்லாச் செஞ்சிருக்காங்க."

வெளியே வந்தோம். அன்று சனிக்கிழமை. 'நாளைக்கு நம்ம வூட்டுக்கு வாங்க சார், அம்மா மீன் கொழம்பு வைக்கும்' என்று சொல்ல வாய்வரை வந்தது. கருவாடு காயும் வாசலும், குனிந்து நுழைய வேண்டிய கதவும், வருகிறவர்கள் முன் சட்டை போடத் தெரியாத அப்பாவும் எல்லாம் நினைவுக்கு வந்தன. பி.ஏ. படித்தவன் வீடு இதுவா என்று அவர் நினைத்திருக்க மாட்டார். நான்தான் நினைத்தேன்.

"அடுத்தது எந்த வீடு தம்பி?" என்றார்.

பட்டியலைப் பார்த்து நம்பரைச் சொன்னேன்.