அப்பாவின் 'ம்' போய்ச் சேர்ந்த விதம்

அக்காவின் பிரசவத்துக்காக அம்மா அமெரிக்கா போயிருந்தபோதுதான் எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. தொண்ணூற்றொன்பதாம் வருடம். அப்பா மறுக்கவில்லை. "உங்கம்மாளக் கேட்டுக்கலாம் கண்ணு" என்றார். எங்கள் வீட்டில் பெரிய முடிவுகள் எல்லாம் இப்படித்தான் நடக்கும். அம்மா கேட்பார், அப்பா "ம்" என்பார், முடிந்துவிடும். ஆனால் அம்மா திரும்பி வர இரண்டு மாதம் இருந்தது. நான் வேலையில் சேர வேண்டியது பதினெட்டு நாளில். வாரம் ஒரு தடவை வரும் ஃபோனில், பாப்பா பால் குடித்ததைச் சொல்லி முடிப்பதற்குள் அக்கா வைத்துவிடுவாள்.

நான் எம்.சி.ஏ. முடித்தவள். இதற்குத் தீர்வு என்னிடம் இருப்பதாக நம்பினேன். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பிரௌசிங் சென்டரில் கேமரா வைத்த கம்ப்யூட்டர் இருந்தது. முகம் பார்த்துப் பேசலாம். அக்காவுக்கு மெயில் அனுப்பி, ஞாயிறு மாலை ஆறு மணி, அவர்களுக்குக் காலை, என்று பேசி வைத்தேன். பிறகு ஒரு பட்டியல் போட்டேன். பதினோரு அம்சங்கள். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். படத்தின் தெளிவைக் குறைத்து வேகத்தைக் கூட்ட வேண்டும். அப்பா வெள்ளைச் சட்டை போடக் கூடாது, கேமராவில் கண்ணைக் கூசும்.

அப்பா வெள்ளைச் சட்டையில்தான் கிளம்பினார். "எங்கிட்ட வேற கலரு எங்க இருக்குது?" என்றார். எங்கள் ஊர் கோபியிலிருந்து பஸ்ஸில் வரும்போது பட்டியலில் அந்த வரியை மட்டும் அடித்துவிட்டேன்.

"ஏனுங்கம்மணி, செட்டிங்கெல்லாம் நானே போட்டு வெச்சிருக்கறனுங்க" என்றார் சென்டர்காரர்.

"பரவாயில்லீங்க, ஒருக்கா பாத்துக்கறேன்" என்று சொல்லி, அவர் போட்டு வைத்திருந்த எல்லாவற்றையும் மாற்றினேன்.

முதலில் அம்மாவின் நெற்றி வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மீதி வந்தது.

"ஏனுங்க, நான் தெரியறனுங்களா?"

"ம்" என்றார் அப்பா.

அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பேச முடியும். இங்கே சத்தம் எழுந்தால் அங்கிருந்து வரும் குரல் அடைத்துக்கொள்ளும். இது எனக்குத் தெரியும். பட்டியலில் ஏழாவது. அப்பா கேட்டுக்கொண்டிருக்கும்போதும் சத்தம் எழுப்புகிறவர் என்பதுதான் எந்த எண்ணிலும் இல்லை.

"பாப்பாளுக்கு நேத்து..."

"ம்."

"...போட்டுட்டு வந்தமுங்க, அதுல..."

"ம்."

"...இப்பப் பரவால்லீங்க."

பாப்பாவுக்கு என்ன ஆனது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

"அப்பா, 'ம்' சொல்லாதீங்க."

"நான் எங்க கண்ணு சொன்னேன்?"

மைக் எவ்வளவு சின்னச் சத்தத்தை எடுக்கலாம் என்பதற்குத் திரையில் இடமும் வலமுமாக இழுக்கும் குமிழ் ஒன்று உண்டு. அதை இடது பக்கம் இழுத்து, ஃபேன் சத்தமும் அப்பாவின் "ம்"மும் ஏறாத இடத்தில் நிறுத்தினேன். அம்மாவின் குரல் மதகு திறந்த மாதிரி வந்தது. தடுப்பூசி, அதனால் வந்த காய்ச்சல், குளிர், அக்கா வீட்டுக்காரர் பாத்திரம் கழுவுவது, எல்லாம் வந்தது. சென்டர்காரர் கவனித்தாரா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

அப்போது அம்மா கேட்டார். "பெரியவ பெங்களூரு சமாச்சாரம் சொன்னாளுங்க. என்னங்க, புள்ளைய அனுப்பிப்போடலாங்களா?"

"ம்" என்றார் அப்பா.

எனக்கு அது நன்றாகக் கேட்டது. அங்கே போகவில்லை. போகக் கூடாது என்றுதானே அவ்வளவு கவனமாக அளந்து வைத்திருந்தேன்.

அம்மா காத்திருந்தார். அப்பா தலையாட்டினார். படம் சில நொடிக்கு ஒரு தடவைதான் மாறும் என்பதால், தலை அசையாத நேரமாகப் பார்த்து அவரைப் பிடித்து அனுப்பியது கேமரா. வாயை இறுக்கி மூடிய, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனிதர்.

"ஏனுங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க? புடிக்கலீங்களா? புடிக்கலீன்னா வேண்டாமுங்க. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

நான் அப்பாவின் பக்கம் திரும்பினேன். "அப்பா, 'ம்' போகாதுங்க. வாயத் தெறந்து சத்தமாச் சொல்லுங்க!"

அப்பா வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளைக் கூப்பிடும் குரலில், "போகட்டும்! எனக்குச் சம்மதம்!" என்றார். சென்டரில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மாவின் குரல் மாறியது. "அம்மணி, நீ சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்தியா?"

"இல்லீங்கம்மா, அப்பாவேதான் சொன்னாருங்க."

"முப்பது வருசத்துல அவரு என்னைக்கு இப்படிப் பேசியிருக்கறாரு? ஊட்டுல ஆளில்லீன்னு அந்த மனுசன இந்தப் பாடு படுத்தறயா?"

பின்னால் அக்கா சிரிப்பது கேட்டது. சென்டர்காரர் குனிந்து, மெதுவாக, "நான் வெச்சிருந்தாப்பலயே வெச்சுப்போடுங்களே அம்மணி" என்றார்.

அவர் வைத்திருந்த அளவு எனக்கு நினைவில்லை. குமிழை வலது பக்கம் இழுத்துவிட்டேன். நாற்காலி நகர்வது, பக்கத்துப் பையனின் தும்மல், எல்லாம் அமெரிக்கா போயிருக்கும். "அம்மா, மறுபடி ஒருக்கா கேளுங்க" என்றேன்.

கேட்டார்.

"ம்."

இரண்டு நொடி கழித்து அம்மாவின் முகம் தளர்ந்தது. "ஆங், அப்பச் செரி" என்றார். "ஆனா அம்மணி, போறதுன்னா ஒரு நாலு சங்கதி இருக்குது. எழுதிக்கோ."

என் பட்டியலைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினேன்.

"ஒண்ணு, லேடீஸ் ஆஸ்டல்லதான் இருக்கோணும். ரெண்டு, பொழுது சாயறதுக்குள்ள..."

"ம்" என்றார் அப்பா.

"மூணு..."

"ம்."

"...மட்டும் கூடவே கூடாது. நாலாவது, மாசம் ஒருக்கா..."

"ம்."

குமிழை இரண்டு விரற்கடை இடது பக்கம் தள்ளினால் போதும். அது எனக்கு நன்றாகத் தெரியும். கைகூட மௌஸின் மேல்தான் இருந்தது. அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வந்தவரைக்கும் எழுதினேன்.

அம்மா ஊர் திரும்பியபோது பெங்களூரிலிருந்து லீவு போட்டு வந்திருந்தேன். பெட்டியைக்கூடத் திறக்காமல், "மூணாவதாச் சொன்னனே, அது மாதிரி நடந்துக்கறயா?" என்று கேட்டார்.

"ம்" என்றேன்.