பங்களாவைச் சூடாக்கிய கதை

மலாயாவில், எங்கள் கெடாவில், வெயிலுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இருந்தும், ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன், சிடாம் கிரிப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் வீட்டைச் சூடாக்குவதற்கென்றே என்னை வேலைக்கு வைத்தார்கள். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கையில் எட்டு மாதப் பிள்ளை. களை வெட்டும் கூட்டத்திலிருந்து என்னைப் பிரித்தெடுத்த, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி, "ஒனக்கு நல்ல காலம் பொறந்திருச்சு, இனிமே நெழல்ல வேலை" என்றார். நிழல் என்று அவர் சொன்னது ஓர் அடுப்புக்கு முன்னால் இருந்தது.

தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரர், பெரிய துரைக்குக் கல்யாணம் ஆகவில்லை. மனைவி மக்கள் இருக்கவேண்டிய இடத்தில் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தார். மழைக்காலம் வந்தால் அவற்றின்மேல் பூசணம் பூத்துவிடும். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளிலும் பாய், தலையணை எல்லாம் பூத்தன. ஆனால் எங்களுக்கு அதைப் பற்றி மனம் நோக நேரமில்லை, துரைக்கு இருந்தது.

பினாங்கு மலைமேல் குளிருக்குப் பயந்து கட்டிய ஒரு வீட்டை இடித்தார்களாம். அங்கிருந்து நான்கு இரும்புப் பெட்டிகளும் ஒரு பாய்லரும் லாரியில் வந்து இறங்கின. விறகு எரித்தால் பாய்லரில் தண்ணீர் சூடாகும். அது குழாய் வழியே போய்ப் பெட்டிகளுக்குள் சுற்றிவரும். பெட்டியின் சூட்டில் அறை உலரும். இதற்கு ரேடியேட்டர் என்று பெயர் என்றதும், தோட்டத்து மெஷின்களைப் பார்த்துக்கொண்ட பிட்டர் அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார்.

"லாரியில எஞ்சின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டர் வெக்கிறான். இவரு வீட்டைச் சூடாக்க வெக்கிறாரு. வெள்ளைக்காரன் மூளையே தனிலா!"

சிரித்தாலும் ஒழுங்காகத்தான் மாட்டினார். அழகுக்கு நான்கு பெட்டிகளுக்கும் வெள்ளிப் பெயின்ட் இரண்டு பூச்சு அடித்தார். மூடி, திருகாணி, மூலை முடுக்கு எதையும் விட்டுவைக்கவில்லை.

முதல் நாள் நான் விடியலிலேயே தீ மூட்டினேன். பத்து மணிக்குத் துரை வந்து ஒவ்வொரு பெட்டியாக நடுவில் தொட்டுப் பார்த்தார்.

"என்னா இது? சூடு இல்லே. பிள்ளே குளிக்கிற தண்ணி மாதிரி இருக்கு."

பிள்ளை குளிக்கும் தண்ணீரை அவர் எங்கே தொட்டாரோ, ஆனால் கணக்காகச் சொன்னார். நான்கும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தன.

கிராணிக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. "இந்தப் பொண்ணு ஈர வெறகு போடுது, தொர." ஆகவே காய்ந்த விறகாகப் பார்த்து அடுக்கினேன். பாய்லர் உறுமியது, அதிலிருந்து புறப்படும் குழாயைத் தொட்டு என் விரல் கொப்பளித்தது. உள்ளே பெட்டிகள் மட்டும் அதே பிள்ளைத் தண்ணீர். "அப்ப இன்னும் ஈரம் இருக்கு" என்றார் கிராணி. அவர் விறகைத் தொட்டுப் பார்த்ததே இல்லை.

அடுத்தது பிட்டர் அண்ணனின் முறை. குழாய் நெடுகச் சுத்தியலால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். சூடு வழியிலேயே வெளியேறிவிடுகிறது என்று தீர்ப்புச் சொல்லி, குழாய் முழுவதும் கோணிச்சாக்குச் சுற்றினார். மறுநாள் பாய்லர் பக்கத்துச் சாக்கு கருகிப் புகைந்தது. பங்களா முழுக்கத் தீய்ந்த நாற்றம். வெதுவெதுப்பு அப்படியே இருந்தது.

பிறகு பினாங்கிலிருந்து ஓர் எஞ்சினியர் துரை வந்தார். காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாயைப் போல, ஆனால் முழ நீளத்தில், ஒன்றைக் கொண்டுவந்து எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்தார், பெட்டியின் மேல்புறத்தைத் தவிர. அதற்கு எழுந்து நிற்க வேண்டுமே. நாற்காலியில் உட்கார்ந்தபடியே எட்டியது பெட்டியின் அடிதான். மூன்று தாள் எழுதினார். இரண்டு வேளை சாப்பிட்டார். தண்ணீருக்கு ஓடத் தெம்பில்லை, இங்கிலாந்திலிருந்து பம்பு தருவிக்கவேண்டும், அடுத்த மழைக்காலத்துக்குள் வந்துவிடும் என்று சொல்லிப் போய்விட்டார். பூசணம் அதுவரை காத்திருக்க ஒப்புக்கொண்டதா என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வாரம் விடாத மழை. என் பிள்ளைக்கு மாற்ற ஒரு காய்ந்த துணி இல்லை. ஆயாக்கொட்டாயில் பிள்ளையை விடும்போதெல்லாம் ஆயா முகத்தைச் சுளித்தாள். ஒருநாள் துரை தோட்டம் சுற்றப் போனதும், துணிந்து ஆறு துணிகளைப் பிழிந்து புத்தக அறைப் பெட்டிமேல் விரித்தேன். அரைமணி கழித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை. தொங்கிய முனைகள் காய்ந்திருந்தன; மேலே கிடந்த பகுதியில் பிழிந்தபோது இருந்த ஈரம் அப்படியே இருந்தது. கையை வைத்தேன். அடிப்பாகம் நல்ல சூடு. மேல்பாதி கிணற்றுச் சுவர் மாதிரி ஜில்லென்று இருந்தது. மற்ற மூன்றும் அப்படியே.

எங்கள் லயத்துப் பொதுக்குழாய் காலையில் திறந்ததும் முதலில் இருமும், புஸ்ஸென்று காற்றைத் துப்பும், அப்புறம்தான் தண்ணீர் வரும். அந்த நினைப்பு வந்ததும் பட்டறைக்கு ஓடினேன்.

"அண்ணே, பெட்டியில மேல்பாதி காலி. காத்து அடைச்சிருக்கு. தண்ணி மேல ஏறவே இல்லை."

"எஞ்சினியருக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிருச்சு?"

"அவரு குனிஞ்சு பார்த்தாரு. நீங்க நிமிந்து பாருங்கண்ணே."

முனகிக்கொண்டே வந்தார். தொட்டார். முகம் மாறியது. பெட்டியின் உச்சி ஓரத்தை நகத்தால் சுரண்டினார். வெள்ளிப் பெயின்டுக்கு அடியில் ஒரு சின்னச் சதுரத் திருகாணி இருந்தது. அதை மூடியவர் யார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இடுக்கியால் திருகினார். பாம்பு சீறுவது போல ஒரு சத்தம் வெகுநேரம் வந்துகொண்டே இருந்தது. பிறகு கறுப்புத் தண்ணீர் பீய்ச்சி, அவர் சட்டையையும் துரையின் வெள்ளைச் சுவரையும் நனைத்தது. திருகாணியை இறுக்கினார். பாய்லருக்குத் தண்ணீர் இறங்கும் மேல்தொட்டியில் குறைந்ததை நான் ஊற்றி நிரப்பினேன். நான்கு பெட்டிக்கும் இதே சடங்கு. கடைசியாகப் புத்தக அறைப் பெட்டியை முடித்து நிமிர்ந்தால், வாசலில் துரை.

சுவரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பெட்டியின் தலையில் கையை வைத்து, "ஆ!" என்று வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். முகமெல்லாம் சந்தோஷம். அப்புறம்தான் பெட்டியின் ஓரத்துக்கு ஒதுக்கியிருந்த துணிகள் கண்ணில் பட்டன.

"இது என்னா?"

பிட்டர் அண்ணன் கண்கூட இமைக்கவில்லை. "சூடு பாக்கிற துணிங்க, தொர."

துரை மரியாதையோடு தலையாட்டினார். அன்றுமுதல் என் பிள்ளையின் துணிகள் அந்தப் பங்களாவில் ஒரு கருவியாக மதிக்கப்பட்டன.

இரண்டே நாளில் பூசணம் ஒழிந்தது. புத்தக அட்டைகளும் அப்பளம் போலச் சுருண்டன. அறைக்குள் யாராலும் உட்கார முடியவில்லை. துரை நாற்காலியை வராந்தாவுக்குத் தூக்கிப்போட்டு, கொசுவோடு உட்கார்ந்து படித்தார். காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் எரித்தால் போதும் என்று உத்தரவு வந்தது. கிராணி தன் கண்காணிப்பில் கோளாறு சரிசெய்யப்பட்டதாகத் துரையிடம் சொல்லி, கைகுலுக்கலும் வாங்கிக்கொண்டார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் வாயைத் திறந்தால் துணி உலர்த்தும் இடம் போய்விடும்.

வாரம் ஒருமுறை பெட்டிகளில் காற்று மறுபடி சேரும். மூன்றாவது தடவை நான் பட்டறைக்குப் போய் நின்றபோது, பிட்டர் அண்ணன் அரத்தால் ராவிய ஒரு சின்ன இரும்புச் சாவியை நீட்டினார். நுனி அந்தச் சதுரத் திருகாணிக்கு அச்சாகப் பொருந்தியது.

"இனிமே என்னைக் கூப்பிடாத தங்கச்சி. நீயே தொறந்துக்க. எடதுகை பக்கமா திருப்பு, மூஞ்சியை தள்ளி வெச்சுக்க."

சாவியைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டேன். அடுத்த திங்கட்கிழமை துரை புறப்பட்டுப் போனதும், முதல் பெட்டியின் முன்னால் போய் நின்று, முகத்தைத் தள்ளிவைத்துக்கொண்டு, இடது பக்கம் திருப்பினேன்.