இளையதம்பி எழுதிக் கொடுத்த துண்டு

செங்கலடிச் சந்தியில் வாகனங்களுக்கு வயர் வேலை செய்யும் இளையதம்பிக்கு நாக்கில் சனி என்று ஊரே சொல்லும். பிழை விட்டவன் எவனாக இருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். பொய் மட்டும் அந்த வாயில் வராது. அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு பொய்யை எழுதிக் கையெழுத்தும் வைத்தார் என்றால் நம்புவீர்களா? நானே முதலில் நம்பவில்லை.

யுத்தம் முடிந்த வருசம், ஆவணி மாதம். வதனியின் வேனை ஒரு லொறி கயிறு கட்டி இழுத்து வந்து கடை வாசலில் விட்டது. சுனாமிக்குப் பிறகு ஏதோ ஒரு குளிர்நாட்டுக்காரர் தானமாகக் கொடுத்த வேன். கடலோடு கலக்கும் உப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மீளக் குடியேறிய சனங்களுக்குச் சுகாதார அலுவலகத்தின் மருந்தும் டொக்டரும் அதில்தான் போவது. வதனிக்குப் புருசன் காணாமற்போய் இரண்டு வருசம், பெண்பிள்ளைகள் இரண்டு. அந்த அலுவலகத்தின் முதல் பெண் சாரதி அவள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"ஓடிக்கொண்டிருக்கக்கொள்ளயே நிண்டு போகுது அண்ணன். பியூஸ் மாத்தினா ஒரு கட்டை தூரம் போகும், மறுகாவும் எரிஞ்சிரும். பொம்புளைட கையில குடுத்தா இப்பிடித்தான் எண்டு ஒபிசில கதைக்கிறாங்க. என்ட பிழை எண்டு வந்தா வீட்ட போகச் சொல்லிருவாங்க."

"பிழை ஆருட எண்டு மீற்றர் சொல்லும். நீ பேசாம இரி."

கோளாறைக் கோட் நம்பரில் காட்டும் மெஷினை மாட்டினார். எஞ்சின் மூச்சுக்குழாயின் ஹீற்றர் சுற்றில் கோளாறு என்றது மெஷின். இளையதம்பிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இந்த வெயிலுக்கு ஹீற்றராம், கேட்டியா புள்ள!"

எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இழுத்தெடுக்கும் குழாய் அது. பனிக்காலத்தில் உறைந்து அடைத்துக்கொள்ளாமல் இருக்க வெள்ளைக்காரன் அதில் ஒரு சின்னச் சூடாக்கியை வைத்திருக்கிறான். மட்டக்களப்பில் அதற்கு என்ன வேலை? பிளக்கைக் கழற்றிவிட்டு, புது பியூஸ் போட்டு ஸ்டார்ட் பண்ணினார். பியூஸ் எரியவில்லை, எஞ்சினும் நிற்கவில்லை. ஆனால் டாஷ்போட்டில் மஞ்சள் லைற் அணையாமல் எரிந்தது.

"வயர வெட்டிவிட்டிடவா?"

"லைற் எரிஞ்சா வேனை கேற்றுக்கு வெளியில விடமாட்டாங்க அண்ணன்."

முணுமுணுத்துக்கொண்டே ஹீற்றரை மீற்றரால் சோதித்தார். அதில் ஒரு குறையும் இல்லை. பிறகு கழற்றிய பிளக்கைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். முனைகள் இரண்டும் பச்சையாகக் களிம்பேறி, நடுவே ஈர உப்புப் படிந்து கிடந்தது. மின்சாரம் ஹீற்றருக்குப் போகாமல் அந்த உப்பின் வழியே குறுக்கே பாய்ந்து பியூஸை எரித்திருக்கிறது. எஞ்சினுக்குப் போகும் வயர்களுக்கும் அதே பியூஸ்தான். அதனால்தான் எஞ்சினும் நின்றது.

"வேனை எங்க கழுவுற?"

"வாவிக் கரையிலதான். தினமும் அந்திக்கு, பம்ப் வெச்சு எஞ்சினுக்குள்ளயும் அடிச்சுக் கழுவுவன். நல்லாப் பாக்கிறாள் எண்டு சொல்லணுமே எண்டு..." பாதியில் நிறுத்தினாள். "அப்ப, நான்தானா?"

"ஓம், நீதான். கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாது எண்டுவாங்க. உன்ட குஞ்சு செத்துத்தான் போச்சு."

பகிடிக்குத்தான் சொன்னார். வதனி பழைய டயர் ஒன்றில் குந்தி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இளையதம்பிக்குத் தன் நாக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

குனிந்து வேலையைப் பார்த்தார். பழைய முனைகளை வெட்டிப் புதியவை வைத்து, வஸ்லின் பூசி, இறுக்கிச் சுற்றினார். லைற் அணைந்தது. எஞ்சின் பிசகில்லாமல் ஓடியது. வதனியின் முகம் மட்டும் தெளியவில்லை.

"காரணம் எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாங்க. உள்ளத எழுதுங்க அண்ணன். உங்களப் பொய் எழுதச் சொல்ல மாட்டன்."

பேனையை எடுத்து மூடியைக் கழற்றினார். பிறகு, எவரிடமும் சொல்லாத ஒன்றைத் தலை நிமிராமல் சொன்னார்.

"சுனாமியண்டு நான் இஞ்ச வேலைக்கு வந்திட்டன். பொஞ்சாதி கல்குடா வீட்டில. சனமெல்லாம் கத்திக்கொண்டு ஓடுது, நானும் ஓடவா எண்டு போன் எடுத்தாள். கடல் வரும் எண்டு ஆருக்குத் தெரியும்? மறுகாவும் சண்டை துவங்கிட்டு, ஷெல் அடிக்கிறாங்க எண்டு நினைச்சன். வெளியில இறங்காத, கதவப் பூட்டிட்டு உள்ளுக்க இரி எண்டன். அவள் நான் சொன்னதைக் கேட்டாள் புள்ள."

ஒரு கடதாசித் துண்டைக் கிட்ட இழுத்தார்.

"தெரியாமச் செய்த பிழைக்கு ஒரு ஆளுட சீவியத்தப் பறிக்கிறதெண்டா, முதல்ல என்டதத்தான் பறிக்கணும்."

எழுதினார்: 'பிளக்கில் உப்புத் தண்ணீர் இறங்கியதே காரணம். எஞ்சினை வாவித் தண்ணீரால் கழுவச் சாரதிக்குச் சொன்னது நான். பிழை என்னுடையது. கா. இளையதம்பி.'

அந்த அலுவலகம் அதன்பிறகு தன் வாகனம் ஒன்றையும் அவர் கடைக்கு அனுப்பவில்லை. வதனிக்கு மார்கழியில் வேலை நிரந்தரமானது. அதெல்லாம் பிறகு நடந்தது.

அன்று வதனி துண்டை வாசித்தாள். வேண்டாம் என்று தலையாட்டினாள். அவர் துண்டை அவள் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். வேனில் ஏறியவள் ஸ்டார்ட் பண்ணாமல் கண்ணாடியை இறக்கினாள்.

"அண்ணன், அந்த அக்காட பேர் என்ன?"

ஐந்து வருசமாக அந்தப் பெயரை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"சீதேவிப்பிள்ளை," என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.