ஏழாம் வரிசை முட்டு

2023 ஆகஸ்ட் 28: முட்டுகள் 96. வரிசைகள் 8.
செப்டம்பர் 11: கான்கிரீட் 54 கன மீட்டர். தொடக்கம் காலை 6.20, முடிவு பகல் 1.05.
அன்று மாலை 4.10: ஏழாம் வரிசை இறக்கம் 6 மில்லிமீட்டர்.
4.25: இறக்கம் 0.

தன் குறிப்பேட்டில் எழுதிய அந்தக் கடைசி வரிதான் லூர்துநாதனின் தூக்கத்தைக் கெடுத்தது.

முதலியார்பேட்டைக்காரர். முப்பத்தொரு வருடமாகப் பாலங்களுக்கு முட்டுக் கொடுக்கிறவர். ஈரக் கான்கிரீட் இறுகித் தானாக நிற்கும்வரை அதைத் தாங்கும் இரும்புக் கால்களை நடுவார். நாள் வந்ததும் பிரித்து லாரியில் ஏற்றிவிடுவார்.

நோணாங்குப்பம் தாண்டி உள்சாலையில் அந்த ஓடைப் பாலம். கடல் தண்ணீர் ஏறி இறங்கும் களிமண்ணில் ஏழாம் வரிசை கொஞ்சம் உள்வாங்கியது. கான்கிரீட் கொட்டும்போது முட்டு இறங்கினால் அடியிலிருக்கும் ஆப்பை அடித்து ஏற்றுவது வழக்கம். அந்தப் பழக்கத்தில் சம்மட்டியை எடுத்துப் பன்னிரண்டு ஆப்பையும் ஏற்றிவிட்டார். பிறகுதான் மணியைப் பார்த்தார். கொட்டி முடித்து மூன்று மணி நேரம் தாண்டியிருந்தது. இறுகத் தொடங்கிய கான்கிரீட்டைக் கீழிருந்து தூக்கினால் விரிசல் விடும்.

"யாரும் பாக்கல. வாய மூடிக்கினு வா," என்றார் கூட்டாளி வடிவேல்.

"நீ பாத்துட்டியே."

"எனக்குக் கண்ணே தெரியாதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியுறியே, இப்ப மட்டும் தெரியுமா?"

லூர்துநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. நாலாம் நாள் பொறியாளர் சிவசங்கரியிடம் ஒரு தாளை நீட்டினார்.

"ஆறு மில்லி தூக்கிட்டேன்னு நீங்களே எழுதிக் குடுக்கறீங்களாண்ணே? வேல போயிடும்."

"தெரியும் மேடம். எம் மருமவ ரூபி தெனமும் இந்த வழியாத்தான் ஸ்கூட்டில வரப்போறா."

சிவசங்கரி தாளை வாங்கிக்கொண்டார். மேல்பரப்பைக் கழுவித் தேடியதில் ஏழாம் வரிசைக்கு நேர் மேலே மயிரிழை விரிசல் தெரிந்தது. ஒப்பந்தக்காரர் அன்றே லூர்துநாதனை வெளியே அனுப்பினார். கான்கிரீட் கொட்டிய இருபத்தெட்டாம் நாள் வேறு ஆட்கள் முட்டுகளைப் பிரித்தார்கள். விரிசலை அடைத்து, பாலத்தின் மேல் மணல் மூட்டைகளை அடுக்கி, ஒரு நாள் முழுக்கப் பாரம் வைத்துச் சோதித்தார்கள்.

அவரை உள்ளே விடவில்லை. எதிர்க்கரையில் நின்றே பார்த்தார். மனைவி ஆனந்தமேரி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார்.

"பூசைக்கு வந்தவராட்டம் கையக் கட்டிக்கினு நிக்கிறீங்களே. நீங்க பாக்கலன்னா பாலம் வுழுந்துடுமா?"

"வளையுது மேரி."

"இங்கிருந்து தெரியுதாக்கும்!"

தெரியவில்லை. ஆனாலும் மூட்டைகளை இறக்கும்வரை அவர் உட்காரவில்லை. முடிவு என்னவென்று அன்று யாரும் சொல்லவில்லை.

முதலில் ஒப்பந்தக்காரரிடமிருந்து, இனி வேலை இல்லை என்று கடிதம் வந்தது. அடுத்து வந்த உறையில் சோதனை அறிக்கையின் நகலைச் சிவசங்கரி வைத்திருந்தார்: பாரத்தை இறக்கியபின் பாலத்தின் வளைவு 91 சதவீதம் மீண்டது, போக்குவரத்துக்கு விடலாம். லூர்துநாதன் வாசற்படியிலேயே உட்கார்ந்து அதை இரண்டு முறை படித்தார். உறையின் மேல் தேதி குறித்தார்: 2023 நவம்பர் 3, வெள்ளிக்கிழமை.