நோஞ்சானுக்கு நோய் வரவில்லை

ஊர் உலகமெல்லாம் நோய் வரக்கூடாது என்று கும்பிடும். நோயக்கா மட்டும் வந்து தொலையாதா என்று கும்பிடுவாள். கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள், அவளுக்குச் சம்பளமே அதற்குத்தான். நெல் ஆராய்ச்சிக் கூடத்தில் பதினெட்டு வருடமாக நாற்றுகளுக்குக் குலைநோய் கொடுப்பவள் அவள். கிருமி கலந்த தண்ணீரைத் தெளித்து, ஈரச் சாக்குக் கூடாரத்துக்குள் மறுநாள் காலைவரை மூடிவைப்பாள். ஐந்தாம் நாள் இலையில் பழுப்புப் புள்ளி விழும்.

அந்தத் தடவை எல்லாருடைய உயிரும் நாற்பத்தேழாம் நம்பர் ரகத்தில் இருந்தது. விஞ்ஞானி மேடம் ஏழு வருடம் மாய்ந்து மாய்ந்து உருவாக்கியது. வெயிலைத் தாங்கியாயிற்று, பத்து நாள் தண்ணீரில்லாமல் நின்று காட்டியாயிற்று. குலைநோயையும் தாங்கினால் வயலுக்குப் போகும். அதன் பக்கத்திலேயே ‘நோஞ்சான்’ என்று ஒரு ரகத்தையும் வைப்பார்கள். நோய் எட்டிப் பார்த்தாலே படுத்துவிடும் ஜென்மம். நோஞ்சான் படுத்தால்தான் நோய் நிஜமாகவே வந்தது என்று அர்த்தம். அது படுக்காவிட்டால் நாற்பத்தேழு நிமிர்ந்து நின்றது கணக்கிலேயே வராது.

ஐந்தாம் நாள் காலை. நாற்பத்தேழு பச்சைப் பசேல். நோஞ்சானும் பச்சைப் பசேல்!

“என்னக்கா இது, குத்துக்கல்லாட்டம் நிக்குது?” மேடத்துக்கு அழுகையே வந்துவிட்டது. “நாத்து முத்திட்டா நோய் சரியாப் பிடிக்காது. இன்னும் ஒரே தடவைதான் தெளிக்க முடியும். அதுலயும் வரலைன்னா இந்த ரகத்தையே கைவிடச் சொல்லிட்டாங்க.”

நோயக்கா ஈரச் சாக்கை மடிப்பதுபோல் குனிந்துகொண்டாள். காரணம் அவளுக்கல்லவா தெரியும்!

“திட்டாதீங்க மேடம். பதினெட்டு வருஷமா இந்த நோஞ்சானைக் கொன்னுக்கிட்டே இருக்கேன். ஒரு தடவையாச்சும் காத்து வாங்கட்டுமேன்னு கூடாரத்து வாசல் பக்கமா வெச்சுட்டேன். இலையில ஈரம் காஞ்சு, நோய் பிடிக்காமப் போயிருக்கும்.”

மேடம் வாயைப் பிளந்தார். அப்புறம் குபீரென்று சிரித்தார். “கொலைகாரிக்கு இரக்கம் வந்தா குடும்பம் உருப்படுமாக்கா?”

மறுபடியும் எல்லாவற்றுக்கும் தெளித்தார்கள். இந்தத் தடவை நோஞ்சானுக்கு நட்ட நடுவில் ராஜ மரியாதை. நோயக்காவுக்குத்தான் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பஸ் ஓட்டும் புருஷன் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தான். “யாருக்கு நோய் வரணும்னு இப்படிச் சோறு தண்ணி இல்லாம கெடக்கே?”

“உனக்கில்லய்யா, சும்மா சாப்பிடு.”

ஐந்தாம் நாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோஞ்சான் பக்கம் குனிந்தாள். ஒரு புள்ளி. அடுத்த இலையில் நாலு. அதற்கடுத்து... எண்ணி மாளுமா?

“வந்துடுச்சு! மேடம், நோய் வந்துடுச்சு!” ஒரு செருப்பு ஒரு பக்கம் பறக்க ஓடினாள். மேடம் அவள் இடுப்பைப் பிடித்துத் தூக்கிச் சுற்றினார். தீப்பிடித்துவிட்டதென்று காவலாளி வாளித் தண்ணீரோடு ஓடிவந்து, வந்த வேகத்தில் இருவர் மேலும் கொட்டினார். சொட்டச் சொட்ட நனைந்தபடி போய்ப் பார்த்தார்கள். நாற்பத்தேழில் ஊசிமுனை அளவுகூடக் கறை இல்லை.

கூடமே நாற்பத்தேழைச் சூழ்ந்துகொண்டு போட்டோ எடுத்தது. நோயக்கா மட்டும் நோஞ்சானிடம் போனாள். இலையெல்லாம் புள்ளி மொய்த்து, நுனி கருகி, தலை சாய்ந்து கிடந்தது. சிரித்துக்கொண்டிருந்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஈரக் கையால் அதைத் தடவிக்கொடுத்தாள்.

“நாசமாப் போயி எங்க மானத்தைக் காப்பாத்துனியே, என் தங்கமே!”