போனுக்கு இருந்த நோன்பு

என் மகள் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த போன் அது. ஏழு வருஷம் ஆகிவிட்டது. நான் கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவன். ஒருமுறை நாச்சியாபுரத்தில் கழுவ வைத்திருந்த அண்டாத் தண்ணீரில் போன் விழுந்தது. எடுத்துத் துடைத்தேன், வேலை செய்தது. பிள்ளையார் புண்ணியம் என்று அதோடு விட்டுவிட்டேன்.

போன கார்த்திகையில், பிள்ளையார் நோன்பு தொடங்கி ஏழாம் நாள், போனில் ஒரு சேதி வந்தது. மகளோடு முகம் பார்த்துப் பேசுகிற செயலி இன்னும் பத்து நாளைக்குப் பிறகு இந்தப் போனில் ஓடாதாம்.

எங்கள் நகரத்தார் வீடுகளில் திருக்கார்த்திகைக்கு மறுநாளிலிருந்து இருபத்தொரு நாள் இந்த நோன்பு. தினமும் குளித்து விளக்கேற்றி, புது வேட்டியிலிருந்து ஒரு நூல் இழை எடுத்துச் சேர்ப்போம். கடைசி நாள் சாயங்காலம் அத்தனை இழையையும் திரியாக்கி, இனிப்பு மாவில் பிடித்த பிள்ளையாரில் வைத்து ஏற்றி, எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். இழை எடுத்துக்கொள்வது என்று இதற்குப் பேர். வீட்டுப் பெரியவர் கையால் வாங்கித்தான் போட்டுக்கொள்வோம்.

மகள் கல்யாணமாகிச் சிங்கப்பூர் போய் இரண்டு வருஷம். அங்கே அவளும் மாப்பிள்ளையும் மட்டும்தான். முந்தின வருஷம் நான் இங்கே போனுக்கு நேராகக் கையை நீட்டினேன். அவள் அங்கே தட்டிலிருந்து எடுத்துக்கொண்டாள். அதில் எனக்கும் குறை தெரியவில்லை, பிள்ளையாருக்கும் தெரிந்திருக்காது. இந்த வருஷம் அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி. "இழை உங்க கையாலதான் வாங்குவேன் அப்பச்சி" என்று நோன்பு தொடங்கின அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

புதுப் போன் வாங்கியிருக்கலாம். அவள் கொடுத்தது உயிரோடு இருக்கும்போது இன்னொன்று வாங்க எனக்கு ஒப்பவில்லை. ஒன்பதாம் நாள் போன் ரிப்பேர் கடைக்குப் போனேன். கடை வைத்திருக்கும் பாய் துபாயில் பத்து வருஷம் இதே வேலை பார்த்தவர். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போன் நல்லாத்தான் இருக்குண்ணே. கம்பெனிக்காரன் கை கழுவிட்டான். வெளிய எழுதுற ஆளுக இருக்காக, புது சிஸ்டம் எழுதிச் சும்மாவே குடுக்குறாக. அதைப் போட்டா இன்னும் நாலு வருஷம் ஓடும். ஆனா கம்பெனி போட்ட பூட்டை முதல்ல தெறக்கணும்."

"பூட்டை ஒடைக்கிறது தப்பில்லையா?"

"ஒடைக்கலைண்ணே, கேட்டுத்தான் தெறக்கிறோம். தெறக்கணும்னு போன்லயே ஒரு பட்டனை அமுக்கிக் கேட்டா, ஏழு நாள் பொறுன்னு சொல்லுவான். பொறுத்தாத் தெறந்து விட்ருவான். உள்ள இருக்கிறதெல்லாம் அழிஞ்சு போகும், பரவால்லையா?"

உள்ளே இருந்தது பாத்திரங்களின் படமும் முருகன் பாட்டும்தான். சரி என்றேன்.

"போடும்போது நடுவுல கரண்ட் போச்சுன்னா போன் செங்கல்ணே, திரும்ப உயிர் வராது. அதையும் சொல்லிப்புட்டேன்."

அதற்கும் சரி என்றேன். அவரே பட்டன் இருக்கும் இடத்தைக் காட்டி என்னை அமுக்கச் சொன்னார். ராகுகாலம் முடிய எட்டு நிமிஷம் இருந்தது. அது முடியும்வரை இருந்து அமுக்கினேன். "சிம்மைக் கழட்டாதீக, ஏழு நாள் கழிச்சு வாங்க" என்றார்.

மறுநாள் காலையில் குளித்து, விபூதி பூசி, பிள்ளையாருக்கு இழை எடுத்து வைத்தேன். பிறகு கிழக்கே பார்த்து உட்கார்ந்து போனில் அந்தப் பட்டனை அமுக்கினேன். நான் எட்டாவது வரை படித்தவன். நாலு வரி இங்கிலீஷில் ஏதோ வந்தது, நடுவில் 168 என்று இருந்தது. அடுத்த நாளும் அமுக்கினேன். அதே நாலு வரி, அதே 168. கம்பெனியின் எண்ணாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் விடாமல் ஏழு நாளும் அமுக்கினேன். ஒரு நாள் பள்ளத்தூருக்குப் பாத்திரம் ஏற்றிப் போக விடியற்காலையில் கிளம்ப வேண்டியிருந்தது. அன்றைக்கும் நாலு மணிக்கே எழுந்து குளித்துவிட்டுத்தான் அமுக்கினேன்.

பதினாறாம் நாள் பாய் போனைக் கம்ப்யூட்டரில் மாட்டினார்.

"அண்ணே, இன்னும் நூத்தி அறுவத்தஞ்சு மணி நேரம் இருக்குங்குறான். திருப்பி அமுக்குனீகளா?"

"தினமும் அமுக்கினேன். இன்னைக்கும் குளிச்சிட்டுத்தான் அமுக்கினேன்."

"தினமும் அமுக்கச் சொன்னது யாரு?"

"ஏழு நாள்னு நீங்கதான சொன்னீக."

"ஒரு தடவை அமுக்கிட்டு ஏழு நாள் சும்மா இருக்கணும்ணே. அமுக்க அமுக்க அந்த நூத்தி அறுவத்தெட்டு மணி நேரத்தையும் முதல்லேருந்து எண்ணுவான்."

"சும்மா இருக்கிறதுக்கு எதுக்கு ஏழு நாளு?"

பாய் கம்ப்யூட்டரிலிருந்து போனைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

கணக்குப் பார்த்தால் பூட்டு திறப்பது இருபத்து மூன்றாம் நாள். இழை எடுப்பது இருபத்தொன்றாம் நாள். பாய் போனைக் கேட்கலாம் என்றால், அவர் இருபத்தொன்றாம் நாளும் மறுநாளும் தங்கை மகள் நிக்காஹுக்கு இளையான்குடி போகிறார். எங்கள் வீட்டில் இருப்பது இந்த ஒரு போன்தான். அக்கம்பக்கத்தில் கேட்கலாம் என்றால், இழை எடுக்கிற அந்த ஒரு மணி நேரம் எங்கள் தெருவில் எந்தப் போனும் சும்மா இருக்காது. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வெளியூரில், எல்லாருக்கும் அதே சாயங்காலம்தான் இழை.

வீட்டில் சொன்னேன். என் மனைவி பொரி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை நிறுத்தவில்லை.

"பிள்ளையாருக்கு ஒரு நோன்பு, போனுக்கு ஒரு நோன்பு. ரொம்பப் பக்திதான். இப்ப பிள்ளைக்கு என்ன பதில் சொல்லப் போறீக?"

"சாதாரணமா போன் போட்டுப் பேசிக்கிறலாம்."

"காதுலயா இழை குடுப்பீக?"

இருபத்தொன்றாம் நாள் சாயங்காலம் காதில்தான் கொடுத்தேன். போனைப் பிள்ளையார் முன்னால் வைத்து, சத்தத்தைக் கூட்டி, "எடுத்துக்க ஆத்தா" என்றேன். "சரி அப்பச்சி" என்றாள். "ஆச்சா?" என்று மனைவி கேட்டாள். "ஆச்சும்மா" என்றாள். மனைவிக்கு நான் கொடுத்தேன், அவளும் எடுத்துக்கொண்டாள். அன்றைக்குப் பணியாரம் நன்றாக வந்திருந்தது. நான் ஒன்றோடு எழுந்துவிட்டேன்.

இருபத்து மூன்றாம் நாள் பாய் கடையைத் திறந்ததும் போய் உட்கார்ந்தேன். பூட்டு திறந்தது. எல்லாம் அழிந்தது. புது சிஸ்டம் ஏறுகிற இருபது நிமிஷமும் கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தேன். கரண்ட் போகவில்லை. போன் எழுந்ததும் திறந்த பூட்டுப் படம் ஒன்று வந்தது, கீழே இங்கிலீஷில் ரெண்டு வரி.

"என்ன சொல்லுது?"

"இந்தப் போனை நம்ப முடியாதுன்னு சொல்லுதுண்ணே. ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் சொல்லும். கண்டுக்காதீக."

பேசுகிற செயலியையும் பாயே ஏற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மகளைக் கூப்பிட்டேன். முகம் வந்தது. முன்னைவிடத் தெளிவாகவே வந்தது. கொஞ்சம் ஊதியிருந்தாள். அவள் எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். உள்ளே மாவுப் பிள்ளையார், திரியோடு.

"பொய் சொல்லிட்டேன் அப்பச்சி. அவருக்கு மட்டும் எடுத்துக் குடுத்தேன். உங்களைப் பார்க்காம எனக்கு வாங்க முடியல."

நாள் தப்பிப் போன இழை. எங்கள் வீட்டில் யாரும் இப்படி எடுத்துக்கொண்டதாக நான் கேட்டதில்லை. கூடுமா கூடாதா என்று யாரிடம் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மனைவி சாமி அறையில் விளக்கை ஏற்றிவிட்டு, "கை காலைக் கழுவிட்டு வாங்க, பிள்ளை எவ்வளவு நேரம் கையில வச்சிருப்பா" என்றாள்.

கழுவிவிட்டு வந்தேன். விபூதி பூசிக்கொண்டேன். அவள் அங்கே திரியை ஏற்றினாள். நான் போனுக்கு நேராகக் கையை நீட்டினேன். என் கையைப் பார்த்துக்கொண்டே எடுத்து, சுடரோடு வாயில் போட்டுக்கொண்டாள். வாயை மூடியபடியே கண்ணைத் துடைத்தாள்.

"ரெண்டு நாள் ஃபிரிட்ஜுல இருந்தது கல்லு மாதிரி இருக்கும்" என்றாள் என் மனைவி. "மெதுவா மென்னு முழுங்கு."